வெண்ணெய் இல்லாத மாத்திரை

போனை எடுத்து "ஹலோ" என்றால் எதிரில் இருப்பவர்கள் என்னை "சார்" என்பார்கள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது விட்டுவிட்டேன், சாராகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன நஷ்டம்? பேங்க்கிலிருந்து பேசுகிற சில பிள்ளைகள் "மேடத்தக் கூப்பிடுங்க சார்" என்று கேட்பார்கள். "மேடந்தான்டா பேசறேன், விஷயத்தச் சொல்லு" என்பேன். "ஸாரி சார்" என்பார்கள்.

இந்தக் குரல் சளியில் வந்ததல்ல, வயசில் வந்ததும் அல்ல. எழுபதுகளின் நடுவில், டாக்டர் எழுதிக் கொடுத்து, இன்ன இன்ன ஆகும் என்று சொல்லிக் கொடுத்து, தெரிந்தே நான் விழுங்கிய மாத்திரையில் வந்தது. சில வருஷம் விழுங்கினேன். உடம்பு தேறியதும் டாக்டரே நிறுத்தினார். மாத்திரை போய்விட்டது, குரல் தங்கிவிட்டது. "அய்யோ பாவம்" என்று யாராவது உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் என்ன பாவம்? இந்தக் குரல் இல்லையென்றால் நானே இல்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த, சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் கோடு மாதிரி ஒரு பிசிறு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். உட்கார்ந்த இடத்து வேலைதான், ஆனால் வெள்ளை மண் தூசு பறந்துகொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் முகம், புருவம், ரெப்பை எல்லாம் மாவு பூசினது போலாகிவிடும். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அம்மாவும் நானும், ஓர் எருமையும்தான். என் கூலியும் எருமைப் பாலும் சேர்ந்து குடும்பம் நடந்தது.

நான் வெளுத்துக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்கு அந்தத் தூசுதான் காரணம். யூனிட்டில் எல்லாப் பெண்களும் வெள்ளை, நானும் வெள்ளை. சாயங்காலம் குழாயடியில் முகம் கழுவுவோம். மற்றவர்களுக்கு மாவு போய் நிறம் வரும், எனக்கு மாவு போன பின்னாலும் அதே வெள்ளைதான் இருந்தது. "இன்னும் நல்லாக் கழுவுடி" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். நானும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அப்புறம் பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. கையில் லேசாக இடித்தாலும் நாவல் பழத்தைத் தேய்த்த மாதிரி ஊதாக் கறை கண்டது. ஒரு நாள் பொம்மைகள் அடுக்கிய பலகையோடு தலைசுற்றி விழுந்தேன். பொம்மைகள் உடைந்ததற்கு மேஸ்திரி கத்திய கத்தலில்தான் கண்ணே திறந்தது. அப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. "மண்ணு தின்னுருப்பா, அதான் ரத்தம் செத்துப்போச்சு" என்றார்கள். ஆமாம், தின்றேன். பச்சை மண் வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறும். அந்த யூனிட்டில் ஒரு கிள்ளு தின்னாதவள் யார்? ஒருத்தி கையைத் தூக்கட்டும் பார்க்கலாம்.

ஊர் டாக்டர் என் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தார். "இதெல்லாம் இங்க பாக்கற சமாச்சாரம் இல்லம்மா" என்று பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் ஏற்றினார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எதையோ உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். அப்புறம் ரத்த நோய்களைப் பார்க்கிற டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தடித்த கண்ணாடி போட்டவர், சிரித்துப் பேசத் தெரியாதவர், ஆனால் எதையும் மறைக்காமல் சொல்வார்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடம் வத்திப்போச்சும்மா. ஏத்துற ரத்தம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அந்த எடத்தத் தட்டி எழுப்ப ஒரு மாத்திரை இருக்கு. ஆம்பளைங்க உடம்புல சுரக்குதே, அந்த மாதிரி சரக்கு. அனபாலிக் ஸ்டீராய்டுன்னு பேரு. மீசை வரும். குரல் உடையும். மாசமாசம் வர்றது நிக்கும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன்: "உசுரு?"

"அது தங்கறதுக்குத்தான் இது. ஆனா இது ஈரல் வழியாப் போற மருந்து. ஈரல் தாங்கணும். ரத்தத்துல கொழுப்பையும் ஏத்திவிடும். மாசாமாசம் வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுக்கணும். ஈரலையும் கொலஸ்ட்ராலையும் பாப்பேன். எல்லை மீறினா மாத்திரைய நிறுத்திடுவேன். நிறுத்திட்டா, ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேற மருந்து இல்ல."

"எம் பொண்ணுக்கு வாயிலதான் சார் கொழுப்பு, ஒடம்புல ஏது?" என்றாள் அம்மா. டாக்டர் சிரிக்கவில்லை. எண்ணெய், நெய், முட்டை மஞ்சள், ஆட்டு ஈரல் எதையும் தொடக்கூடாது என்றார். கண் மஞ்சளானாலோ, மூத்திரம் கறுத்துப் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ மாசம் முடியக் காத்திருக்காமல் உடனே ஓடிவரச் சொன்னார்.

அன்றிலிருந்து என் ஈரலுக்கு நானே காவல்காரி ஆனேன். சூளையில் கோணிப்போய்க் கழித்துப்போட்ட வெள்ளைக் கோப்பை ஒன்றை யூனிட்டிலிருந்து எடுத்து வந்தேன். தினமும் காலையில் அதில் மூத்திரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்ப்பேன். வெள்ளைப் பீங்கானில் நிறம் பொய் சொல்லாது. அப்புறம் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன், விலாவை அழுத்திப் பார்ப்பேன். மாசம் ஒரு முறை முதல் பஸ்ஸைப் பிடித்து, நெய்வேலி, கடலூர் தாண்டி, பட்டினி வயிற்றோடு பாண்டிச்சேரி போய்க் கை நீட்டுவேன்.

அம்மாவும் டாக்டர் பேச்சைத் தட்டவில்லை. தாளிப்புக்கு எண்ணெயை நிறுத்தினாள். கடுகை வெறும் சட்டியில் வெடிக்கவிட்டாள். மீன்கூட வறுக்கவில்லை. "ரத்தம் ஊறணும்னா ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கிக் குடு" என்று தெருவே சொன்னது. எங்கள் பக்கத்தில் ரத்தம் இல்லாத பிள்ளைக்கு ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக் கொடுப்பதுதான் முதல் வைத்தியம். அதைக்கூட அம்மா வாங்கவில்லை. "டாக்டரு வேணாம்னுட்டாரு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் மாசம் ஈறில் ரத்தம் நின்றது. மூன்றாம் மாசம் படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. கூடவே முகமெல்லாம் பரு கிளம்பியது, மேலுதட்டில் கறுத்தது, குரல் கரகரத்து உடைந்தது. பஸ்ஸில் பின்னாலிருந்து "ஒரு கடலூரு" என்று கேட்டால் கண்டக்டர் திரும்பாமலே "சில்லறையா குடுங்க பெரியவரே" என்பார். ஒரு நாள் எழுந்து நின்று, "பெரியவரு வூட்ல இருக்காரு, நான் அவரு பேத்தி, டிக்கெட்டக் கிழி" என்றேன். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். யூனிட்டில் ஒருத்தன் என்னைப் பார்த்து மீசையை முறுக்கிக் காட்டினான். "ஒனக்குத்தான் மொளைக்கல, கொஞ்சம் எங்கிட்ட கடன் வாங்கிக்கோ" என்றேன். அதற்கப்புறம் அவன் என் பக்கம் வரவில்லை. மஞ்சளையும் குப்பைமேனியையும் அரைத்துப் பூசச் சொன்னாள் அம்மா. பூசவில்லை. மஞ்சள் பூசினால் காமாலை வந்தது எப்படித் தெரியும்? என் ஈரலுக்காக நான் முகத்தை அப்படியே விட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, நல்லூர்ப் பக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். அவள் மகனுக்கு நான் என்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். அவர் நல்ல மனுஷர்தான், தன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அத்தை என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, ரத்தம் இல்லாத பொண்ணுன்னாக் கீரையக் குடுத்துத் தேத்திக்கலாம். மீசை வச்ச பொண்ண எப்பிடி மணையில உக்கார வைக்கறது? அந்த மாத்திரையத் தூக்கி மணிமுத்தாத்துல போடு. தை பொறந்ததும் பரிசம் போட்டுக்கலாம். இல்லன்னா எம் புள்ளைக்கு நான் வேற எடம் பாக்கணும்."

"மாத்திரைய நிறுத்தினா செத்துடுவேன் அத்தை" என்றேன்.

"அடியே, எல்லாரும் மாத்திரை தின்னா உசுரோட இருக்கறாங்க?"

அம்மா பதில் பேசவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அத்தையை பஸ் ஏற்றிவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். நாத்தனாரைப் பகைத்துக்கொண்டால் எங்களுக்கென்று வந்து நிற்க ஆள் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் செத்தபின் வந்து நிற்கிற ஆள் எனக்கு எதற்கு?

அடுத்த முறை பாண்டிச்சேரி போனபோது டாக்டர் காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தின்னுட்டு வந்தே?"

"ஒண்ணும் திங்கல சார். பச்சத் தண்ணியோட வந்திருக்கறேன்."

"பொய் சொல்லாதம்மா. ரத்தத்தத் தெளிய வச்சா மேல பால் மாதிரி நிக்குது. கொலஸ்ட்ரால் எங்கியோ போயிடுச்சு. இந்தக் கொழுப்புல ஈரல் கணக்கும் சரியாத் தெரியல. நான் மாத்திரைய நிறுத்தப் போறேன்."

எனக்கு வந்ததே கோபம். உடைந்த குரலில் கத்தினேன், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாலு மாசமா எண்ணெ வாசனையே எங்க வூட்ல கெடையாது. மீன வேகவச்சுத் திங்கறோம். தீவாளிக்குப் பலகாரம் சுடல. நான் பொய் சொல்றவளா? நிறுத்துங்க சார், நிறுத்திட்டு நீங்களே வந்து கொள்ளி வைங்க!"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டு, "அவ சொல்றது நெசம் சார். காலையில மாத்திரையத் தவிர ஒண்ணும் வாயில படல. அதையும் நாந்தான் குடுத்தேன், பத்தியம் தவறாம, வெண்ணெயில வச்சு" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுல வச்சு?"

"வெண்ணெயிலதான் சார். எங்க எரும வெண்ண. ஒரு நாள் தவறினதில்ல." அம்மாவின் முகத்தில் பெருமை.

"எவ்வளவு?"

"மொதல்ல நெல்லிக்கா அளவு. அப்பறம் மூஞ்சியில சூட்டுக் கட்டி வந்துச்சா, கொஞ்சம் ஏத்தினேன். கொரலு கம்முனதும் இன்னும் ஏத்தினேன். இப்ப எலுமிச்சங்கா அளவு."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் அதுவரை அது உறைத்ததா? இல்லவே இல்லை. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மருந்து என்றாலே சூடு. சூட்டு மருந்தை வெறுமனே கொடுத்தால் குடலும் ஈரலும் வெந்துவிடும் என்பார்கள். நாட்டு வைத்தியர் சூரணத்தைத் தேனில் குழைப்பார், பஸ்பத்தை நெய்யில் கொடுப்பார். அது மருந்துக்குத் துணை, மருந்தோடு சேர்த்தி. வெண்ணெயைச் சோற்றில் போட்டால்தான் சாப்பாடு. மாத்திரையைச் சுற்றி வைத்தால் அதை யார் சாப்பாடு என்பார்கள்? டாக்டர் "என்ன தின்னே" என்று கேட்டார், "மாத்திரைய எப்பிடி முழுங்கறே" என்று கேட்கவில்லையே!

அதையும் அவரிடம் சொன்னேன். அந்த மனுஷர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்து முடித்துக் கறாராகச் சொன்னார். "மாத்திரைய ஒரு மாசம் பாதியாக் குறைச்சிருக்கேன். வெறும் தண்ணியில முழுங்கு. அடுத்த தடவ கொழுப்பு இறங்கல, இல்ல ஈரல் கெட்டிருக்குன்னா, நீ கத்தினாலும் நிறுத்திடுவேன்."

அந்த ஒரு மாசம்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அம்மா வெண்ணெய் இல்லாமல் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றாள். "அவருக்கின்னா தெரியும்? எரியறது எம் பொண்ணு வவுறு. வெறும் தண்ணியில குடுத்தா ஈரலு கருகிப் போவும்டி. அப்பறம் காமால வந்து நிக்கும். எங்கையால நான் குடுக்க மாட்டேன்." அழுதாள். சரி, என் கை இல்லையா? நானே டப்பாவைத் திறந்து, நானே தண்ணீர் மொண்டு, நானே விழுங்கினேன். அந்த நேரம் வந்தால் அம்மா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். நான் விழுங்கிய பிறகு வந்து, என் கண்ணை விரித்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த வெண்ணெயெல்லாம் காய்ச்சி நெய்யாகித் தெருமுனை டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது.

எனக்கும் பயம்தான், சொல்லிக்கொள்வதில் என்ன? காலையில் கோப்பையை ஒரு முறைக்கு மூன்று முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். எங்கள் ஊர்க் கோயிலில் பழமலைநாதரிடம் போய் நின்று, "கொழுப்ப எறக்கு, என்னிய எறக்கிடாத" என்று சண்டைக்காரி மாதிரி வேண்டிக்கொண்டேன்.

மாசம் முடிந்தது. வெறும் வயிறு, முதல் பஸ். அன்று மாத்திரையையும் ரத்தம் கொடுத்து வீடு திரும்பிய பிறகுதான் போட்டுக்கொள்வது என்று பையிலேயே வைத்திருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு, வந்த காகிதத்தை டாக்டர் படிக்கும்வரை அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பு நல்லா எறங்கியிருக்கு. ஈரல் கொஞ்சம் முனகுது, ஆனா தாங்கும். ரத்தம் ஏறுது. பழையபடி முழு மாத்திரை குடுக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். "ஆனா இதோட எடுத்தா இந்தக் குரல் திரும்பாதும்மா. மீசையும் முழுசாப் போவாது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்குது? எழுதுங்க சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அத்தை. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். கூடவே, மாத்திரைக்குப் பதிலாக, ஒரு கட்டு கீழாநெல்லி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள்.

"தேதி குறிச்சிட்டு வந்திருக்கறேன்" என்றாள் அத்தை. "இன்னைக்கே அந்தக் கருமத்த நிறுத்திடறேன்னு என் எதிர்ல சொல்லட்டும். தட்டு மாத்திக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னை நிறுத்தினாள். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போச்சு, தூக்கி எறியத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் டம்ளர் நிறைய வெறும் தண்ணீர். இன்னொரு உள்ளங்கையில் அன்றைய மாத்திரை. பழக்கத்தில் என் கண் வெண்ணெயைத் தேடியது. வெண்ணெய் இல்லை. வெறும் தண்ணீரில் விழுங்கினால் அது என் ஈரலைச் சுடும் என்றுதான் அந்த நிமிஷமும் அவள் நம்பினாள். நம்பிக்கொண்டேதான் நீட்டினாள்.

"அண்ணி, பாத்துக்கோங்க" என்றாள். "எம் பொண்ணு மீசையோட இருக்கறா, உசுரோட இருக்கறா. இப்பிடியே வோணும்னாத் தட்ட உள்ள எடுத்துக்கிட்டு வாங்க. இல்லன்னா காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அத்தை தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன். அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறங்கிடுச்சா?" என்றாள்.

"எறங்கிடுச்சும்மா" என்றேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.